வண்டிக்காரர் மகன் முனிராஜ்

சங்கத்துச் செயலாளர் ராஜேந்திரன் இன்றைக்கும் என்னை வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். ஆனால் அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு மனுஷனுடைய பேச்சிலிருந்து ஒரு வண்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேண்டு வாத்தியத்தை வைத்தார். நல்லதுக்கு என்று நினைத்துத்தான் செய்தார். அந்த மனுஷன் தேடி வந்த ஒரே உறவு, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தும் கைக்குக் கிடைக்காமல் போனது.

என் பேர் ஆம்ப்ரோஸ். அல்சூருக்கும் மர்பி டவுனுக்கும் நடுவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். நாலாம் கிளாஸோடு படிப்பு நின்றுவிட்டது. ஹிட்லர் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். அதை வைத்துத்தான் சோறு. மாரியம்மன் கரகமா, மாதா தேரா, எலெக்‌ஷனா, எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் கத்தும். நான் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். எங்கள் பேட்டை ஜனம் புத்தர் படம் வைத்து நடத்துகிற அந்தச் சங்கத்துக்கும் எனக்கும் முதலில் வாடகைச் சம்பந்தம் மட்டும்தான் இருந்தது. முனிராஜண்ணன் வந்த பிறகுதான் வேறு சம்பந்தம் வந்தது.

சுதந்திரம் வந்த வருஷம் அவர் தண்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்க வந்தார். கண்டோன்மெண்டை நாங்கள் தண்டு என்றுதான் சொல்வோம். நாற்பது தாண்டிய ஆள், ஒடிசலான உடம்பு. ரங்கூனில் பிறந்தவர் என்பதால் லுங்கியை முன்பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டுவார். கூலிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"யோவ் பர்மா, அது லுங்கியா, உன் பொஞ்சாதி பாவாடையா?"

"கிட்ட வா, அவுத்துக் காட்றேன். அப்புறம் நீயே சொல்லு."

அந்தப் பொண்டாட்டி செத்துப்போன விஷயம் அவர்களுக்குத் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனை விட்டு நடந்து வந்த கூட்டத்தில் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். காட்டு வழியில் அந்த அம்மாவுக்குக் காலரா கண்டுவிட்டது. அதைப் பற்றி அவர் ஜாஸ்தி பேசமாட்டார். நடந்த நடையில் வலது பாதம் கோணிக்கொண்டது, பாரம் தூக்கும்போது ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார். கல்கத்தா, மெட்ராஸ் என்று கூலி வேலை பார்த்துக்கொண்டு கடைசியில் பெங்களூர் வந்தார்.

எதற்கு இங்கே என்று ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடையில் ஒருநாள் கேட்டேன். அன்றைக்குச் சொன்னதுதான் அவர் கதை. திருத்தம் எதுவும் இல்லாமல் முழுசாகக் கேட்டவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

அவர் அப்பா பேர் கோவிந்தன். பெங்களூரில் பிளேக் வந்து ஜனம் ஈசல் மாதிரி விழுந்த காலத்தில், பிணம் ஏற்றுகிற மாட்டு வண்டியை ஓட்டினவர். வேறு யாரும் தொடாத வேலை. வீட்டு வாசலில் வண்டி நின்றால் உள்ளே இருக்கிறவர்கள் மூஞ்சியை மூடிக்கொள்வார்களாம். கடைசியில் அவருடைய சொந்தப் பெண்சாதியும் அதே நோயில் போனாள். அவளை அதே வண்டியில் ஏற்றினார். மூன்று வயசுப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் தாயைக் கிடத்தி, கல்பள்ளி மயானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

நோய் நின்றது. ஆனால் அந்த வீட்டுக்குப் பிணவண்டி வீடு என்று பேர் நின்றுவிட்டது. பீடிக்கு நெருப்புக்கூட ஒருத்தரும் கொடுக்கவில்லை. பிள்ளையைப் பெண்சாதியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, சீக்கிரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று கப்பல் ஏறினவர் திரும்பவே இல்லை. ரங்கூனில் இன்னொரு கல்யாணம், அதில் பிறந்தவர் முனிராஜண்ணன்.

"சாகும்போது அப்பன் கைய புடிச்சிகினு சொன்னாரு ஆம்ப்ரோஸு. அங்க உங்கக்கா இருக்கா, பேரு சின்னத்தாயி. கோவிந்தன்னு கேட்டா பத்து கோவிந்தன் வருவான், வண்டிக்காரன் மகள்னு கேளு. எனக்கு இப்ப அம்மா இல்ல, அப்பா இல்ல, பொண்டாட்டி இல்ல. அவ ஒருத்திதான்."

கேட்டார். பிளாக்பள்ளி முழுக்க, அல்சூர் முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டார். அந்தப் பேரைச் சொன்ன உடனே கதவைச் சாத்தினார்கள். அப்படி ஒரு வீடு இங்கே இருந்ததே இல்லை என்றார்கள். பிளேக் முடிந்ததும் பழைய லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள், ஜனம் மூலைக்கு ஒன்றாகச் சிதறிப்போயிருந்தது. தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. யார் திறப்பார்கள்? அது என்ன பெருமையான பேரா?

மூன்று வருஷம்போல இப்படி ஓடியது. அப்போதுதான் சங்கத்தில் ராஜேந்திரன் ஒரு காரியம் ஆரம்பித்தார். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். லைன் வீட்டில் பிறந்து பத்தாவது பாஸ் பண்ணி ஆபீஸில் உட்கார்ந்த முதல் பையன் அவர். பௌர்ணமிக் கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பமாக மேடை ஏறி, தங்கள் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எப்படி, எதற்காகப் பெங்களூர் வந்தார்கள் என்று பேச வேண்டும். ஆரணி என்பார் ஒருவர், குடியாத்தம் என்பார் இன்னொருவர். பஞ்சத்தில் வந்தவர்கள், பட்டாளத்தின் பின்னால் குதிரை மேய்த்துக்கொண்டு வந்தவர்கள், கோலார் சுரங்கத்தில் மூச்சு முட்டி ஓடி வந்தவர்கள். வாயே திறக்காத பொம்பளைகள்கூட மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். எச்சில் பட்டு மைக் கெட்டுப்போனது தனிக்கதை.

முனிராஜண்ணனுக்கு உயிர் வந்தது மாதிரி ஆனது. நூறு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒரே ஒரு மேடை போதும் இல்லையா? கூட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் அக்கா இருப்பாள், வண்டி என்று சொன்னதும் எழுந்து நிற்பாள். அதுதான் அவர் கணக்கு.

ராஜேந்திரன் எல்லோருடைய பேச்சையும் முன்னாலேயே ஒருதரம் கேட்பது வழக்கம். அன்றைக்கு நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். முனிராஜண்ணன் தான் பேசப்போவதைச் சொல்லி முடித்ததும் ராஜேந்திரன் தலையை ஆட்டினார்.

"பெரியவரே, எல்லாம் சரி. இந்தப் பொணவண்டி மட்டும் பேடா, வேணாம்."

"அதில்லாம எப்பிடி சார்? எங்கக்காவுக்குத் தெரிஞ்ச அடையாளமே அதுதானே."

"கீழ யாரு உக்காந்திருக்காங்க பாருங்க. ஸ்கூல் பசங்க. நம்மள நாமளே மேடையில ஏறி பொணம் தூக்கினவங்கன்னு சொன்னா, நாளைக்கு க்ளாஸ்ல அதுங்களுக்கு என்ன பேரு வைப்பாங்க தெரியுமா? எனக்கு வச்சாங்க. அந்தப் பேர உங்ககிட்ட சொல்லக்கூட எனக்கு வாய் வராது. இந்த அசிங்கத்த துடைக்கத்தான் சங்கமே இருக்குது."

"அப்ப என்னதான் சொல்றது?"

"பட்டாளத்துப் பேண்டுல வாத்தியம் வாசிச்சாருன்னு சொல்லுங்க. ரெஜிமெண்டோட ரங்கூன் போனாரு. அக்கா பேரச் சொல்லுங்க, அப்பா பேரச் சொல்லுங்க. அது போதாதா கண்டுபிடிக்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "செக்ரட்டரி சார், அவரு அப்பன் வண்டி ஓட்டினதுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

"நீங்க மைக்கப் பாருங்க ஆம்ப்ரோஸ்," என்றார்.

வெளியே வந்து முனிராஜண்ணனிடம் சொன்னேன், உன் கதை, நீ உன் இஷ்டப்படி சொல்லு, குழாய் என்னுது, நான் ஆஃப் பண்ணமாட்டேன் என்று. அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "இந்த ஊர்ல என்னை உக்காருன்னு சொன்ன எடம் இது ஒண்ணுதாம்ப்பா" என்றார்.

அன்றைக்குப் பேண்டு வாத்தியம்தான் பேசினார். முதலில் திக்கினார். காட்டு வழியாக நடந்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் கூட்டம் அப்படியே அடங்கியது. பொம்பளைகள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். முடிந்தபோது கைதட்டல் என் குழாயை மீறிக் கேட்டது. சின்னத்தாயி என்று மட்டும் யாரும் எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவரைக் கூப்பிட்டார்கள். ஆஸ்டின் டவுனில் கூப்பிட்டார்கள், மில் தொழிலாளர் கூட்டத்தில் கூப்பிட்டார்கள், கோலாருக்குக்கூட ஒருதரம் வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். நோட்டீசில் "ரங்கூன் பெரியவர்" என்று போடுவார்கள். போகப்போக அப்பாவுக்குச் சிவப்புக் கோட்டு வந்தது. அடுத்த வருஷம் பித்தளைப் பட்டன் வந்தது. வெள்ளைக்காரத் துரை தோளில் தட்டிக்கொடுத்தார். "இப்பவாவது ஒருதரம் நெசத்தச் சொல்லுண்ணே" என்பேன். "மேடையில ஒண்ணு, தெருவுல ஒண்ணு சொன்னா பொய்யன்னு ஆயிடும்டா. அப்புறம் நடந்து வந்ததையும் நம்பமாட்டாங்க" என்பார்.

கூட்டம் நடக்கிற இடத்தில் கூடையை வைத்துக்கொண்டு வேகவைத்த வேர்க்கடலை விற்கிற அம்மா ஒருத்தி உண்டு. சரசு என்று பேர், எல்லோருக்கும் சரசக்கா. புருஷன் போய்ப் பல வருஷம் ஆனவள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்க்கிற சரளா என்று ஒரே மகள். முனிராஜண்ணன் பேசுகிற அன்றைக்கு மட்டும் சரசக்கா கூடையை மூடிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அழுவாள். அழுது முடித்ததும் வம்புக்கு இழுப்பாள்.

"ஏம்ப்பா ரங்கூனு, போன வருஷம் உங்கப்பன் கோட்டுல இத்தன பட்டன் இல்லையே! யாரு தெச்சுக் குடுத்தாங்க?"

"நீதான்கா கடலைக்குப் பதிலா பட்டன் வேகவச்சுக் குடுத்த."

"பேச்சப் பாரு. இந்தா, துன்னு. காசு வேணாம். பேசினவனுக்குத் தொண்டை காஞ்சிருக்கும்."

"உங்க அப்பா என்ன பண்ணாருக்கா?" என்று இவர் ஒருதரம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். "எங்கப்பனா? சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் பண்ணல. விடு," என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சீனாக்காரன் சண்டை வந்த வருஷம் சரசக்கா செத்துப்போனாள். மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிணமாகத்தான் வந்தாள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். எடுக்கிற நேரத்தில் ஒரு கிழவர் குரல் கொடுத்தார், "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா போடறது? வாங்க சீக்கிரம்." ஒரு பொம்பளை செத்தால் அவள் பிறந்த வீட்டுக்காரர்கள்தான் புதுப்புடவை போர்த்த வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டு வருவான். கூட்டம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது. ஒருத்தரும் இல்லை. "அவளுக்கு ஏதுப்பா பொறந்த வூடு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வந்து போர்த்தினாள். முனிராஜண்ணன் ஒரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜனத்தோடு ஜனமாகக் கடைசியில் நின்றிருந்தார்.

அடுத்த பௌர்ணமிக்குச் சங்கத்தில் சரசக்காவுக்கு நினைவுக் கூட்டம். சரளா பேச வேண்டும் என்று ஏற்பாடு. ராஜேந்திரன் வழக்கம்போல முன்னாலேயே கேட்டுவிடலாம் என்று போனார்.

"எங்கம்மா கதைக்கு உங்க பர்மிஷன் எதுக்கு சார்?" என்றாள் சரளா. "நாள் முழுக்க நோயாளிங்க பெட்பேன் கழுவுறவ நான். என்னை என்ன பேரு வச்சு யாரு கூப்பிட்டாலும் எனக்குக் கவலையில்ல."

மேடை ஏறினாள். காகிதம் கீகிதம் ஒன்றும் இல்லை. மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்கம்மா இங்க எல்லார் கதையையும் கேட்டாங்க. அவங்க கதைய யாருக்கும் சொல்லல. நான் சொல்றேன். எங்கம்மா பொணவண்டிக்காரர் மகள். பிளேக் காலத்துல எங்க தாத்தா வண்டி ஓட்டினாரு. தாயே செத்தப்போ, மூணு வயசுப் புள்ளையா அப்பன் மடியில உக்காந்து, பின்னால தாயோட பொணத்த வச்சிகினு கல்பள்ளிக்குப் போனாங்க. எங்கம்மாவுக்கு அப்பன்னா அந்த ஒரு ஞாபகம்தான். அப்புறம் அவரு ரங்கூனுக்குப் போயிட்டாரு."

என் கை ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்தது. எடுக்க முடியவில்லை. முனிராஜண்ணனைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

சரளா நிறுத்தவில்லை. "நான் ஒருநாள் கேட்டேன், ஏம்மா, ரங்கூன் பெரியவர் சொல்றது உங்க அப்பா மாதிரியே இருக்குதேன்னு. அம்மா சிரிச்சாங்க. போடி, அவரு அப்பா செவப்புக் கோட்டு போட்டு வாத்தியம் ஊதினவரு, எங்கப்பன் பொணம் ஏத்தினவரு, கோவிந்தன்னு தெருவுக்குப் பத்துப் பேரு, ரங்கூனுக்குக் கப்பல் கப்பலா போனாங்க, எல்லாரும் எங்கப்பனான்னு சொன்னாங்க. அம்மாவ வளத்த பெரியம்மா, வண்டிக்காரன் வச்ச பேரு வேணாம்னு சரசுன்னு மாத்திட்டாங்களாம். பழைய பேரு என்னன்னு அம்மாவுக்கே தெரியாது."

கூட்டத்தின் நடுவிலிருந்து முனிராஜண்ணன் எழுந்து நின்றார். மைக் இல்லை, ஒன்றும் இல்லை.

"சின்னத்தாயி," என்றார். "அந்தப் பேரு சின்னத்தாயிம்மா."

சரளாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கூட்டத்துக்கு அதைவிட நேரம் ஆனது. ராஜேந்திரனுக்கு உடனே புரிந்துவிட்டது. மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். அதைப் பார்த்தும் எனக்கு மனசு இரங்கவில்லை, அது என் குணம்.

அடுத்த வாரம் முனிராஜண்ணன் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போய் ஒரு புடவை வாங்கினார். அரக்கு நிறம், அகலமான கரை. மூட்டை தூக்குகிறவன் வாங்குகிற புடவை இல்லை அது. என்னையும் கூட்டிக்கொண்டு சரளா வீட்டுக்குப் போனார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"எதுக்கு இது?"

"பொறந்த வூட்டுக் கோடிம்மா. நான் போட்டிருக்கணும். கூட்டத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டேன்."

"செத்தவங்களுக்குப் போட்டது மண்ணுக்குள்ள போயிடுச்சு. இதை யாருக்குப் போத்தச் சொல்றீங்க?" சரளா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்கம்மா வருஷா வருஷம் உங்க முன்னால வந்து உக்காந்தாங்க. வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உங்களுக்குக் கோட்டுதான் பெருசாப் போச்சு. நீங்க பட்டனா தெச்சுகினு இருந்தீங்க. போங்க ரங்கூன்காரரே."

நான் குறுக்கே பேசப் போனேன், ராஜேந்திரன் செய்ததைச் சொல்லலாம் என்று. முனிராஜண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். திரும்பி வருகிற வழியில் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.

"அந்தாளு பேரச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"செக்ரட்டரி ஒருநாள் சொன்னான். மத்த வருஷமெல்லாம் யாரு சொன்னா? அவன் என் வாயக் கட்டல ஆம்ப்ரோஸு. கைதட்டல் நல்லா இருந்துச்சு. ஜனம் ஒங்கப்பா ஒங்கப்பான்னு கேக்கறப்போ, எனக்கே அந்தாளுதான் அப்பான்னு ஆயிடுச்சு. பெத்தவர நானும் வண்டியோட எறக்கி விட்டுட்டேன்."

அவர் அப்படிச் சொன்னார் என்பதற்காக நான் ராஜேந்திரனை மன்னித்துவிடவில்லை. ராஜேந்திரன் ஒருதரம் முனிராஜண்ணன் ரூமுக்கு வந்தார், ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பௌர்ணமிப் பேச்சும் அதோடு நின்றுபோனது.

முனிராஜண்ணன் அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவார். பர்மாவிலிருந்து நம் ஜனத்தை விரட்டினபோது குடும்பம் குடும்பமாக ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் மட்டும் பர்மியப் பாஷையில் இரண்டு வார்த்தை பேசி, மூட்டையைச் சும்மா தூக்கிக்கொண்டு போய் விடுவார். "உங்க ஆளு இங்க இருந்தா நெசமான அடையாளத்தச் சொல்லிக் கேளுங்க" என்பார். ஆஸ்பத்திரி வாசலில் சில நாள் சாயங்காலம் போய் நிற்பார். சரளா வேலை முடிந்து வருவாள். "சாப்ட்டியாம்மா?" என்று இவர் கேட்பார். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிடுவாள். அந்த ஒரு "ங்க"வைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். சரளா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், வேண்டவே வேண்டாம் என்றார். "என் பெட்பேனை அவ எடுக்கணுமா? அவளுக்கு வேற வேலை இல்ல?" ரூமிலேயே கிடந்தார். நான் காலையில் கஞ்சி கொண்டுபோவேன்.

கடைசியாக அவரோடு பேசினது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மாதா கோயில் பூசை முடிந்து நேராக அங்கே போனபோது. பேச்சு விட்டு விட்டு வந்தது. சரளாவைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கூப்பிட்டு வரவழைத்தால் அது உறவு இல்லை என்றார். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"நான் போனதும் சரளாவுக்குச் சேதி சொல்ல நீதான் போகணும். வேற யாரையும் அனுப்பாத. ரங்கூன்காரர் போயிட்டாருன்னு சொல்லாத ஆம்ப்ரோஸு. ரங்கூன் பெரியவர்னும் சொல்லாத. வாசல்ல நின்னு, அவ மூஞ்சியப் பாத்து, 'உன் தாய்மாமன் போயிட்டாரும்மா'ன்னு சொல்லு."